கண்டல் காட்டில் துடுப்பு: கிளியூரிலிருந்து பிச்சாவரமும் காரங்காடும்

கிளியூர் அருவியைப் பார்த்துவிட்டுப் படியேறி வருகிறவர்களில் பலர், ஏற்காடு ஏரியில் ஒரு சுற்று படகு விட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கைவசம் இன்னும் இரண்டு நாள் உள்ளவர்களுக்காக இந்த அத்தியாயம். மலையிறங்கிக் கிழக்கே போனால், வெள்ளாறு கடலைத் தொடும் இடத்தை அடுத்துப் பிச்சாவரம் இருக்கிறது. தெற்கே போனால், பாக் விரிகுடாக் கரையில் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காடு இருக்கிறது. இரண்டும் உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்றில் வளர்ந்த கண்டல் காடுகள். அலையாத்திக் காடு என்றும் சொல்வார்கள். பறவைகளையும் நண்டுகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கத் தமிழ்நாட்டில் இவற்றைவிட நல்ல இடங்கள் குறைவு.

இங்கே முதலில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கண்டல் காட்டுக்குக் கடிகாரம் பார்த்துப் போகக் கூடாது. ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும், பார்த்துப் போக வேண்டும். தண்ணீர் ஏறும்போது ஒரு காடு, வற்றும்போது வேறொரு காடு. எது வேண்டும் என்று தீர்மானித்த பிறகு தேதியைக் குறியுங்கள்.

இரண்டில் எது?

பிச்சாவரம் சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. வடக்கே வெள்ளாற்று முகத்துவாரம், தெற்கே கொள்ளிட முகத்துவாரம், நடுவில் தீவுத் திட்டுகளும் அவற்றைச் சுற்றி வலைபோல் ஓடும் வாய்க்கால்களும். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. இங்கே பல காலமாகப் பழகிவந்தது துடுப்புப் படகு: நீங்கள் உட்கார்ந்திருக்க, படகோட்டி துடுப்புப் போடுவார். விசைப்படகும் உண்டு. ஆனால் அதன் சத்தத்தில் பறவை பறந்துவிடும். கிளைகள் தலையில் உரசும் குறுகலான வாய்க்காலுக்குள் அது நுழையவும் முடியாது. விலங்கு பார்க்க வந்தவர் துடுப்புப் படகையே கேட்டு வாங்க வேண்டும்.

காரங்காடு சிறிய மீனவ ஊர். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கோட்டக்கரை ஆறு கடலில் கலக்கும் இடம். வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாவில் கயாக் விடுகிறார்கள். இங்கே துடுப்பு உங்கள் கையில். வழிகாட்டி கூடவே வருவார். காடு பிச்சாவரத்தைவிடச் சிறியது, ஆனால் ஆறு, காடு, திறந்த கடல் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம்.

முதல் தடவை போகிறவர்கள், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் பிச்சாவரத்தில் தொடங்குங்கள். துடுப்புப் போட ஆசையும் தோள் வலுவும் உள்ளவர்கள் காரங்காட்டுக்குப் போங்கள். பரப்பில் இவ்விரண்டையும் விடப் பெரியது முத்துப்பேட்டைக் கண்டல் காடு; அங்கே உப்பங்கழி அகலமானது, தூரமும் அதிகம். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

போகும் வழி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் ஏறத்தாழ 200 கி.மீ. ரயிலில் போகிறவர்கள் சேலம்–விருத்தாசலம் பாதையில் போய் அங்கிருந்து பேருந்தில் போகலாம். காரங்காட்டுக்குத் திருச்சி, புதுக்கோட்டை வழி. இரண்டுக்குமே முந்தின நாள் பகலிலேயே மலையை விட்டு இறங்கி, கடற்கரைப் பக்கம் இரவு தங்குங்கள். காலைப் படகைப் பிடிக்க இருட்டில் மலைப்பாதையில் விரைவது வேண்டாம்.

ஆத்தூரைத் தாண்டும்போது வலமும் இடமும் பாருங்கள். சாலைக்குப் பக்கத்தில் ஓடுவது வசிஷ்ட நதி. சேலம் மாவட்டத்தின் வழியே ஓடிவரும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்துதான் வெள்ளாறு ஆகிறது. கண்டல் மரம் உப்பைத் தாங்கும், ஆனால் உப்பு மட்டுமே போதும் என்று வாழாது. மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் நன்னீரும் வண்டலும் அதற்கு வேண்டும். ஆனைமடுவு, கரியகோயில் அணைகளையும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் கடந்து எவ்வளவு தண்ணீர் கடலுக்குப் போகிறது என்பது பிச்சாவரக் காட்டின் உயிர்ப் பிரச்சினை. மலையடிவாரத்து ஓடையில் வீசும் பிளாஸ்டிக் பையும் அதே வழியாகத்தான் போய்ச் சேர்கிறது. மலையில் இருக்கிறவர்கள் இந்தக் காட்டைத் தங்களுடையதாக நினைக்க இதுவே போதுமான காரணம்.

எந்த மாதம்?

ஜனவரி முதல் மார்ச் வரை மிக நல்லது. வலசைப் பறவைகள் இருக்கும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பறவைகள் வந்துகொண்டிருந்தாலும் புயலும் வெள்ளமும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆறு கலங்கி ஓடும்போது கயாக் எடுக்கவே கூடாது. ஏப்ரலுக்குப் பிறகு காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். ஏற்காட்டுக் குளிருக்குப் பழகிய உடம்பு கடலோரப் புழுக்கத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓதத்தைக் கணக்கிடும் முறை

நம் கிழக்குக் கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு நாளும் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டி ஏற்றமும் மந்தம், வற்றமும் மந்தம்.

வீட்டில் தொங்கும் நாள்காட்டித் தாளிலேயே திதி இருக்கிறது. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். படகுத்துறைக்கோ வழிகாட்டிக்கோ தொலைபேசியில், “அண்ணே, அமாவாசை அன்னிக்கு அங்க வத்தம் எத்தனை மணிக்கு வரும்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரம் அந்த இடத்துக்கு ஏறக்குறைய மாறாதது. உதாரணமாக, காலை ஆறு மணி என்றால், நான்கு நாள் கழித்துச் சதுர்த்தியன்று நான்கு ஐம்பது நிமிடங்களைக் கூட்ட வேண்டும்; 9.20 வாக்கில் வற்றம். காற்றும் முகத்துவாரத்து மணல் திட்டும் இதைக் கொஞ்சம் முன்பின் ஆக்கும். ஆகவே முந்தின நாள் மாலை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த நிலையில் என்ன பார்க்கலாம்? நீர் உயர்ந்திருக்கும்போது படகு கிளைகளுக்கு அடியில் வெகு தூரம் நுழையும். குறுகிய வாய்க்கால்களைப் பார்க்க அதுவே நேரம். ஆனால் சேறு மூழ்கிக் கிடக்கும். இரை தேடும் பறவைகள் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். நீர் இறங்கத் தொடங்கியதும் வேர்களுக்கு இடையே ஈரச் சேறு தலைகாட்டும். நண்டு வளையிலிருந்து வெளியே வரும். அதைத் தேடிக் கொக்கும் உள்ளானும் இறங்கும். விலங்கு பார்க்க வந்தவருக்கு இதுதான் பொன்னான நேரம்.

எனவே என் பரிந்துரை: வற்றம் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். வற்றத்தின் கடைசியில் காட்டுக்குள் இருங்கள். ஏற்றம் தொடங்கியதும் அதோடு திரும்புங்கள். தரை தட்டினாலும் ஏறுகிற நீர் சீக்கிரமே படகைத் தூக்கிவிடும். இதற்கு மாறாக, உச்ச ஏற்றத்தில் குறுகலான வாய்க்காலுக்குள் போய் நீர் இறங்கும்வரை நின்றால் மணிக்கணக்கில் சேற்றில் உட்கார்ந்திருக்க நேரும்.

கடலிலிருந்து காற்று பொதுவாகப் பகல் ஏற ஏற வலுக்கும். ஆகவே காலை வற்றம் அமையும் தேதியே உத்தமம்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

முழுக்கைச் சட்டை, மங்கிய நிறத்தில்: பச்சை, பழுப்பு, சாம்பல். வெள்ளையும் சிவப்பும் பறவைக்குத் தூரத்திலேயே தெரியும். கயிறு கட்டிய தொப்பி. பின்பட்டை உள்ள செருப்பு அல்லது பழைய கான்வாஸ் ஷூ. ரப்பர் செருப்பு சேற்றில் போனால் திரும்ப வராது. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிதண்ணீர், ஏனென்றால் சுற்றிலும் இருப்பது உப்புத் தண்ணீர். செல்பேசிக்குத் தண்ணீர் புகாத உறை. இருநோக்கி இருந்தால் 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் படகின் ஆட்டத்தில் படம் நடுங்கும். பொட்டலத் தின்பண்டம் வேண்டவே வேண்டாம்.

உயிர்காப்பு உடுப்பின் எல்லாப் பூட்டுகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு, இறுக்குங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இது உண்டு.

துடுப்புப் போடுவது

கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் அலகு இருக்கும். துடுப்பைத் தலைமேல் வைத்துப் பிடித்து, இரு முழங்கையும் செங்கோணமாக மடங்குகிற இடத்தில் கைகளை வையுங்கள். கையால் மட்டும் இழுத்தால் கால் மணியில் தோள் வலிக்கும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அலகைக் கால்விரல் பக்கத்தில் இறக்கி, இடுப்புப் பக்கத்தில் எடுத்துவிடுங்கள். வலப்பக்கம் அகலமாக ஒரு வீச்சு வீசினால் படகு இடப்பக்கம் திரும்பும். நிறுத்த, அலகை நீரில் இறக்கி முன்னோக்கித் தள்ளுங்கள்.

இருவர் படகில் கனமானவர், பழகியவர் பின்னால். முன்னால் இருப்பவர் வேகத்தை வைக்க, பின்னவர் அதே தாளத்தில் போடுவார். “இந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கூச்சல் போடும் படகில் எதையும் பார்க்க முடியாது. கையசைவில் பேசப் படகுத்துறையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வலு இருக்கும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், சோர்ந்தபின் நீரோட்டத்தோடு வாருங்கள். குறுகலில் துடுப்பை நிமிர்த்திப் பிடித்து, வேரில் இடிக்காமல் போடுங்கள். வேர்களைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் சிப்பி கத்திபோல் கிழிக்கும். தரை தட்டினால் இறங்காதீர்கள். சேறு முழங்கால்வரை இழுக்கும், இறங்கியவர் ஏற முயலும்போது படகும் கவிழும். துடுப்பை ஊன்றிப் படகைப் பின்னோக்கித் தள்ளுங்கள். அசையவில்லையென்றால் வழிகாட்டி வரும்வரை அப்படியே இருங்கள்.

ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு விட்டவருக்குச் சமநிலை பழகியிருக்கும், அது நல்லது. ஏரியில் கற்க முடியாதது நீரோட்டம். அதற்குத்தான் வழிகாட்டி.

வழிகாட்டியோடு

இந்த வாய்க்கால்கள் ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும். கரை தெரியாது, திசை தெரியாது, பல இடங்களில் செல்பேசிக் கோபுரமும் எட்டாது. இரண்டுமே வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடுகள். சொந்தக் கயாக்கைக் கொண்டுபோய் இறக்காதீர்கள்; தனியே போகாதீர்கள்.

கிளம்புமுன் உங்கள் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், வழக்கமான பயணிக்குக் காட்டுவதையே காட்டுவார்: பிச்சாவரத்தில் என்றால், 1975இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படத்தை எடுத்த இடம், படம் பிடிக்க அழகான வளைவு. “அண்ணே, எங்களுக்குப் பறவை, நண்டு பார்க்கணும். மெதுவா போனா போதும், தூரம் போக வேண்டாம்” என்று சொன்னால் அவர் முகமே மாறும். தான் தினமும் பார்ப்பதைக் கேட்கிற ஆள் அவருக்கும் அரிது. நீர்நாய் கடைசியாக எங்கே தென்பட்டது, எந்தத் திட்டில் வக்கா அடைகிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வெளிவரும்.

பிச்சாவரத்தில் இருளர் குடும்பங்கள் கழுத்தளவு நீரில் இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை கிடையாது. பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். சிப்பியும் முள்ளும் கீறுகிற வேலை. அவர்கள் இருக்கும் வாய்க்காலில் அலை எழுப்பாமல் விலகிப் போங்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

எதை, எங்கே பார்ப்பது

*மரங்கள்.* கரையோரத்தில் பாலம்போல் வளைந்த தாங்குவேர்களோடு நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, பச்சை ஈட்டியாகத் தொங்கி, கனிந்தபின் சேற்றில் விழும். உள்ளே தள்ளி, சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சுவேர்களை நீட்டியிருப்பது வெண்கண்டல். அதன் இலையை வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: மேல்பரப்பில் பொடி உப்பு மினுங்கும். வேரில் உறிஞ்சிய உப்பை இலைச் சுரப்பி வழியே வெளியேற்றுகிற மரம் அது. சுரபுன்னை வேறு வழி வைத்திருக்கிறது. பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது.

மூன்றாவது மரம் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம், கோயிலின் தலவிருட்சம். உதிரும் முன் இலை சிவக்கும்; பார்க்க அழகு, தொடக் கூடாது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். எது தில்லை என்று முதலில் வழிகாட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பால் பட்டுவிட்டால் குடிதண்ணீரால் நிறையக் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டாம்.

*சேறு.* துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சேற்றுக் கரையிலிருந்து இரண்டு படகு நீளம் தள்ளி நில்லுங்கள். முதல் நிமிடம் ஒன்றும் இருக்காது; எல்லாம் வளைக்குள் போயிருக்கும். பிறகு வளை வாயில் ஒரு சிறு கொடுக்கு தெரியும். ஆண் பிடில் நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது. அதை உயர்த்தி உயர்த்தி ஆட்டுவது பெண்ணை அழைக்கவும் எதிரியை விரட்டவும். சின்னக் கொடுக்கால்தான் சேற்றை அள்ளித் தின்னும். பெண்ணுக்கு இரண்டும் சின்னவை. அதே சேற்றில் துடுப்பு போன்ற முன்துடுப்புகளை ஊன்றித் தாவுவது சேற்றுமீன். தலைக்கு மேலே துருத்திய கண்கள். தோல் ஈரமாக இருக்கும்வரை வெளியே மூச்சுவிடும்.

*பறவைகள்.* வெண்மார்பு மீன்கொத்தி எங்கும் உண்டு. குளிர்காலத்தில் கருந்தலையும் ஊதா முதுகும் செம்பழுப்பு வயிறும் சிவந்த அலகும் கொண்ட மீன்கொத்தியைத் தேடுங்கள். கண்டல் காட்டை விரும்பும் வலசைப் பறவை அது. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும். வக்கா அடர்ந்த நிழலில் பகலில் தூங்கும். செம்பருந்து மேலே வட்டமிடும். மஞ்சள் மூக்கு நாரையும் உள்ளான்களும் திறந்த சேற்றுத் திட்டில். காரங்காட்டில் ஆற்று முகத்தைத் தாண்டியதும் ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டம் வந்திருக்கிறதா என்று வழிகாட்டியைக் கேளுங்கள்.

*பாலூட்டிகள்.* நீர்நாயும் நரியும் இருக்கின்றன. கண்ணில் படுவது அபூர்வம். விடியற்காலைச் சேற்றில் காலடித் தடத்தைத் தேடுங்கள். அதைப் பார்த்தாலே பயணம் பலித்ததாக எண்ணலாம்.

இந்தக் காடுகளில் உப்புநீர் முதலையோ புலியோ இல்லாததால்தான் இப்படி அமைதியாகத் துடுப்புப் போட முடிகிறது. ஒடிசாவின் பிதர்கணிகாவில் உப்புநீர் முதலை, வங்கத்தின் சுந்தரவனத்தில் புலி. இலங்கையின் கண்டல் ஆறுகள் சிலவற்றிலும் முதலை உண்டு. இங்கே பழகியதை அங்கே செய்யக் கூடாது.

எவ்வளவு அருகே போகலாம்?

பறவையே சொல்லும். இரை தேடிக்கொண்டிருந்த கொக்கு தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் துடுப்பை நிறுத்துங்கள். உடம்பைத் தாழ்த்தினாலோ நடந்து விலகினாலோ பின்வாங்குங்கள். பறந்துவிட்டால் நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள். வலசைப் பறவை நீண்ட பயணத்துக்குச் சேர்த்துவைக்கும் தெம்பை நீங்கள் செலவழித்திருக்கிறீர்கள். கூடு உள்ள மரத்தடியில் நிற்க வேண்டாம். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட வேண்டாம்.

இந்தக் காடு ஏன் முக்கியம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, கடலூர் மாவட்டக் கடற்கரையில் மரங்களுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள், திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே சேதப்பட்டன. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு அதைப் பதிவு செய்தது.

பிச்சாவரக் காடு தானாக அப்படி நிற்கவில்லை. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து குழியானது. ஏறிய ஓதநீர் வடிய வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, கண்டலே தாங்காத அளவுக்கு உப்பேறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதம் வந்துபோக வழிசெய்து, நாற்று நட்டார்கள். காடு திரும்ப வந்தது. நேர்கோட்டில் பிரியும் கிளை வாய்க்கால்களைப் பார்த்தால் அவை மனிதர் வெட்டியவை என்று புரிந்துகொள்ளுங்கள். வழிகாட்டியிடம் கேட்டால் எங்கே என்று காட்டுவார்.

படகு பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

1. நாங்கள் வரும் நாளில் வற்றம் எத்தனை மணிக்கு? அந்த நேரத்தில் படகு கிடைக்குமா?

2. எவ்வளவு நேரம்? குறுகலான வாய்க்காலுக்குள் போகுமா, அகலமான கழியில் மட்டும் சுற்றுமா?

3. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை கயாக்? நான்கைந்துக்கு மேல் என்றால் சத்தம் தவிர்க்க முடியாது. வேறு நாள் கேளுங்கள்.

4. எங்கள் உடல் அளவுக்கும் குழந்தைகளுக்கும் உயிர்காப்பு உடுப்பு உண்டா?

5. காற்று அதிகமானால் பயணத்தை நிறுத்திக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாள் தருவார்களா?

6. மதிய உணவு ஊரிலேயே சொல்லி வைக்கலாமா? ஊர்க்காரர் சமைத்த சோற்றுக்குக் கொடுக்கும் பணம் அந்தக் காட்டைக் காப்பவர் கைக்குப் போகிறது. முடிந்தவரை அங்கேயே சாப்பிடுங்கள்.

முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால், மற்றவற்றை அவரிடமே விட்டுவிடலாம்.